கொல்லைப்புறத்து ஒயர்

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் கேமரா மாட்ட ஒருவர் வந்தார். சுவரில் ஓட்டை போடவில்லை, ஒயர் இழுக்கவில்லை. செல்போனில் ஏதோ தட்டினார், படம் வந்துவிட்டது. "அவ்ளோதான் சார்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒயரே இல்லாம படம் எங்க போகுது, வேற யாருக்கெல்லாம் போகுது?" என்று நோண்டி நோண்டிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மிச்சத்தை என் மனைவியிடம் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் அவர் பெட்டியைப் பிரித்தபோது ஒரு புது பிளாஸ்டிக் வாசனை வந்தது பாருங்கள், அது மட்டும் மாறவே இல்லை. நேராக மரக்காணத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்தில் நான் அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலையில் இருந்தேன். கடை என்றால் நானும் ஒரு மேசையும் முதலாளியின் சாமி படமும்தான். அந்த வருஷம் மழைக்குக் கொஞ்சம் முன்னால், சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த கரீம் பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கேமரா படத்தைப் பதிவு செய்கிற இரண்டு ரெக்கார்டர்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வீட்டின் முன்பக்கத்து ஜவுளிக்கடைக்கு. பெட்ரூமில் ஒரு கம்ப்யூட்டர், மகள் படிக்க ஒரு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் ஒயரால் இணைத்து, கட்டிலில் படுத்தபடியே கடை, கேட், கொல்லை அத்தனையும் தெரிய வேண்டும் என்றார்.

ஊரிலேயே அப்படி ஒரு வேலை அதுதான் முதல். நீல ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பாய்க்கோ எல்லாவற்றிலும் சந்தேகம். நான் ஏணியில் ஏறினால் அவர் ஏணியைப் பிடிப்பார், நான் விழாமல் இருக்க அல்ல, ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க. "ஏம்பா, இது உன் கடை வரைக்கும் போகலையே?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அவர் மனைவி மெஹர் அக்காவுக்கு வேறு கவலை. "என் வீட்டுக் கொல்லையில நான் முக்காடு போட்டுட்டுதான் துணி காயப்போடணுமா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் என்ன செய்வேன், அந்தக் கேமராவைக் கொல்லைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

எல்லா ஒயரும் வந்து சேரும் சின்னப் பெட்டியை ஹப் என்போம். அது பெட்ரூமுக்கும் கொல்லைக்கும் நடுவாக இருந்தால் ஒயர் மிச்சமாகும் என்று, பின்தாழ்வாரச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கொல்லைக் கேமராவும் அதே தாழ்வாரக் கூரையின் விளிம்பில்தான். அதற்குக் கொல்லைக் கதவு வரைக்கும் தெரியும், தன் காலடி தெரியாது.

மழை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் மழை என்றால் உப்பளம் மூடிவிடும். உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடிவிட்டு, தை பிறக்கும்வரை பெண்கள் வேறு வேலை தேடுவார்கள். அவர்களில் அஞ்சலை மழைக்கு மழை மெஹர் அக்கா வீட்டுக்குத்தான் வருவாள். பாத்திரம் தேய்ப்பாள், வீட்டைப் பெருக்குவாள். துடைப்பத்தையும் பக்கெட்டையும் அவள் வைப்பது அந்த ஹப்புக்கு நேர் கீழே.

அவள் வந்த முதல் வாரமே பெட்ரூம் கம்ப்யூட்டரில் படம் போய்விட்டது. பாய் ஹப்பில் செருகியிருந்த ஒயரை ஒரு அழுத்து அழுத்தினார், வந்துவிட்டது. மறுபடி போனது. மறுபடி அழுத்தினார், வந்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? யாரோ ஒயரை இழுத்துவிட்டிருக்கிறார்கள்!

"அவ வந்ததுலேருந்துதான்பா இப்டி ஆவுது" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "படத்தை ஆஃப் பண்ணிட்டு எதையோ எடுத்துட்டுப் போறா." என்ன காணோம் என்று கேட்டேன். "இன்னும் தெரியல" என்றார். நான் தலையாட்டினேனே தவிர, எனக்கு மெஹர் அக்கா மேல் சந்தேகம். அக்காவுக்கு என் மேல் சந்தேகமாம், அடிக்கடி வருவதற்கு நானே எதையோ செய்து வைத்திருக்கிறேனாம். நல்ல வீடு போங்கள்.

கடைசியில் பாய் நேராகவே கேட்டுவிட்டார். நானும் அங்கேதான் நின்றேன். அஞ்சலை பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"ஒயரை நான் எதுக்கு பாய் புடுங்கணும்? அதைத் துன்ன முடியுமா? மழை வுடுற வரைக்கும் இதான் எனக்குச் சோறு. இங்க பேர் கெட்டா, வேற எந்த வூட்டுல என்னை உள்ள வுடுவாங்க?"

"நாலு நாள் வராம இரும்மா. பார்ப்போம்" என்றார் பாய்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு நாள் ஆகவில்லை. இரண்டாம் நாளே படம் போய்விட்டது.

பாய் ஆள் அனுப்பினார். அவர் அழுத்துவதற்கு முன்னால் நான் ஒயரை வெளியே உருவி, வெளிச்சத்தில் காட்டினேன். முனையிலிருந்த செம்புத் தகடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. கடல் காற்று, உப்பு, மழை ஈரம். அழுத்தும்போது பச்சை கொஞ்சம் உரசிப்போகும், படம் வரும். ரெண்டு நாளில் மறுபடி பூத்துவிடும். மழை வந்தால் ஜாடி உப்பு தண்ணீர் விடுகிற ஊர், சைக்கிள் செயின் ஒரு மாசம் தாங்காத ஊர். அங்கேயே இருக்கிற எங்களில் ஒருத்தருக்கும் உப்பின் மேல் சந்தேகம் வரவில்லை, உப்பளத்துக்காரி மேல் வந்துவிட்டது. பாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, அசிங்கமாப் போச்சுப்பா" என்றார். எனக்கும் அவமானமாக இருந்தது.

மனிதர் தானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூப்பிட்டார். வந்தாள். "அந்தக் கொல்லை கேமராவைக் கழட்டிடச் சொல்றேம்மா" என்றார்.

"வேணாம் பாய், இருக்கட்டும். ஒயரு நாளைக்கும் கெட்டுப்போவும். அப்ப எனக்கு யாரு சாட்சி?"

அன்றிலிருந்து வேலை முடிந்து கொல்லை வழியாகப் போகும்போது, கேமராவுக்கு நேராக நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். புடவை மடியை உதறிக் காட்டுவாள். பிறகு போவாள். கோபமும் இல்லை, கேலியும் இல்லை, அடுப்பை அணைப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. பாய் சார்ஜாவுக்குத் திரும்பிவிட்டார். பெட்ரூமில் அதைப் பார்த்தது மெஹர் அக்காதான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கேமராவை எடுத்துடுப்பா. தெனமும் அவ கையை விரிச்சிட்டு நிக்கறதை என்னால பார்க்க முடியல." சொல்லும்போதே அழுதுவிட்டார். எடுத்துவிட்டேன்.

தை பிறந்ததும் அஞ்சலை உப்பளத்துக்குப் போனாள். அடுத்த மழைக்கு அந்தத் தெருவுக்குத்தான் வந்தாள், எதிர்வீட்டு வேலைக்கு. நான் கேட் கேமராவைத் துடைக்கப் போனபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். படத்தில் அஞ்சலை எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டுப் பார்த்தீங்களாக்கா?" என்றேன். "கூப்ட்டேன். 'வர்றேம்மா'ன்னு சிரிச்சிட்டே சொன்னா" என்றார்.

அந்த ரெக்கார்டர்கள் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. வீட்டையும் விற்றுவிட்டார்கள். ஒரு காலத்தில் மழைக்கு மழை யாரும் சொல்லி அனுப்பாமலே அந்தக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு, "அம்மா, வந்துட்டேன்" என்று உள்ளே வருவாள் ஒருத்தி. அவளுக்குப் பிறகு அக்கா எத்தனையோ பேரை வேலைக்கு வைத்துப் பார்த்தார். எல்லோரும் கேட்டில் பெல் அடித்துவிட்டு வெளியே நின்றார்கள்.