ஹெட்செட்டும் ஒரு ‘ம்’மும்

விமானம் ஓட்டக் கற்கச் சேர்ந்த புதிதில் பள்ளியின் பொது ஹெட்செட்டைத்தான் மாட்டிக்கொண்டேன். எத்தனையோ தலைகளின் வியர்வை குடித்த பஞ்சு. வலது காதின் உறை கிழிந்து, டேப் ஒட்டியிருந்தார்கள். என் மூக்குக்கண்ணாடியின் காம்பு அந்தப் பஞ்சைக் கொஞ்சம் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாக எஞ்சின் சத்தம் நேராகக் காதுக்குள் வந்துவிடும்.

பயிற்சியாளர் வடநாட்டுக்காரர். பக்கத்து இருக்கையில் இருந்தாலும் அந்த இரைச்சலில் அவர் பேசுவது ஹெட்செட் வழியாகத்தான் எனக்குக் கேட்க வேண்டும். ஒருநாள் இறங்கத் தயாராகும்போது ஏதோ கேட்டார். “ம்” என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் “ம்”. அவர் கேட்டது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று. தரைக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகு, “‘ம்’ என்பது எத்தனை அடி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இது சரியாகும்வரை தனியாகப் பறக்க அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னார்.

என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் தனியாகப் பறந்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. குற்றம் ஹெட்செட்டுடையது என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி தேவையான நேரத்தில் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

ஹெட்செட்டில் இரண்டு வகை. ஒன்று தடித்த பஞ்சும் இறுக்கமான பிடியுமாகச் சத்தத்தை வெளியே நிறுத்துவது. ஒரு மணி நேரத்தில் தலையைத் தேங்காய் மாதிரி நெரித்துவிடும், ஆனால் எதற்கும் பேட்டரி கேட்காது. இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. வெளிச்சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் எழுப்பி அதை அமுக்கிவிடும். முதல் வகையில் ஒன்றைப் படிப்பு முடித்துக் கிளம்பிய சீனியர் அக்கா கொடுத்தார், போட்டுப் பார்த்துச் சொல்லு என்று. இரண்டாவது வகைக்குக் காரைக்காலில் என்னோடு படித்த தோழியைப் பிடித்தேன். அவளுடைய அண்ணன், அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘காக்கா’, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்க்கிறார்.

விமானத்துக்கான ஹெட்செட்டில் இரண்டு பின் இருக்கும், ஹெலிகாப்டருக்கு ஒன்றுதான். மாற்றி வாங்கிவிடக் கூடாதே என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன்.

“ரெண்டு முள்ளு இருக்கணும்டி. ஒரு முள்ளு உள்ளத வாங்கிரப் போறாங்க.”

“நீ என்ன மீனா வாங்கச் சொல்றே? சரி, காக்காட்ட சொல்றேன்.”

அவள் காக்கா லீவில் வந்தபோது நானும் லீவில் வந்தேன். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடு, அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு முள்ளும் இருந்தன. இரண்டு ஹெட்செட்டையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரான சுரக்குடிக்குப் போனேன்.

சுரக்குடியில் விமானத்துக்கு எங்கே போவது? அப்பாவின் டிராக்டர் இருந்தது. அதன் சைலன்சர் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஓட்டை. அப்பா அதை ஸ்டார்ட் செய்து கொடுத்தார். நான் மேலே உட்கார்ந்து மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். பேட்டரி வகையின் பொத்தானை அழுத்தியதும் டிராக்டர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. கொட்டகையிலிருந்து அம்மா கத்தியதுகூடக் கேட்டது.

“நீங்களும் போட்டுப் பாருங்கப்பா” என்று அவர் தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் காதருகே போய்ச் சத்தமாகக் கேட்டேன்.

“நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுக்குப் போவட்டும்?”

“ம்” என்றார்.

சுவிட்சைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டிராக்டரை அணைத்தேன். ஹெட்செட்டையும் கழற்றினேன். வயலில் கொக்கு இறங்கும் அளவுக்கு அமைதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கமான குரலில் அதே கேள்வியைக் கேட்டேன்.

“ம்” என்றார், தலையையும் ஆட்டி.

எங்கள் வீட்டில் அப்பா எதற்கும் மறுப்புச் சொல்லாதவர் என்று பெயர். பைலட் ஆகப் போகிறேன் என்றபோதும் அந்த “ம்”தான். அதைச் சம்மதம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது காதில் விழுந்ததா என்று இப்போது சந்தேகம் வந்தது. எத்தனை வருடமாக இப்படி என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன். அழுகை வந்தது. அதைவிடச் சங்கடம், அந்த “ம்” எனக்கு நன்றாகத் தெரிந்த “ம்”. கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள, தலையாட்டலோடு அப்படியே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் எதிரே நின்று, வாயசைவு தெரியும்படி, கத்தியே சொன்னேன்.

“பிளேன்ல காதுல விழலன்னா ‘சே அகெய்ன்’னு சொல்லணும்ப்பா. திருப்பிச் சொல்லுங்கன்னு அர்த்தம். அது தப்பே இல்ல. நீங்களும் கேக்கணும்.”

“ஒவ்வொரு தடவயுமா?” என்றார்.

பேட்டரி வகையையே வைத்துக்கொண்டேன். பயிற்சியாளர் பேசுவது கேட்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தது, கடைசியில் என் காதும் அப்பாவுடையதுபோல் டிராக்டர் காதாக ஆகிவிடக் கூடாது என்று வாங்கியதாக முடிந்தது.

ஹெட்செட் புதிது, வாய் பழையது. திரும்பிப் போன முதல் நாளே “ம்” தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, “சே அகெய்ன், சார்” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். அந்த வாரம் அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. பிறகு ஒருநாள் காலையில் அவர் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஒரே ஒரு சுற்று, தனியாகப் பறந்து வந்து இறங்கினேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

“அப்பா, இன்னைக்கித் தனியாப் பறந்துட்டேன்.”

“ம்.”

போனை வைக்காமல் காத்திருந்தேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“காதுல விழலம்மா. இன்னொரு தடவ சொல்லு.”

விடுதி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.