நான் கட்டிப்பிடிக்காத கந்தசாமி

இன்று மாலை கே.கே. நகரில் என் கதையை நாடகமாகப் போட்டார்கள். வயதானவர்களின் நினைவுகளைக் கேட்டு நாடகம் செய்தால் சனங்களுக்குள் புரிதல் வளருமாம்.

நான் சொன்னது இதுதான். எண்பதுகளின் தொடக்கம், செல்லூர். நெசவுக்கான நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தேன். பாவு கட்டியிருக்கும்போது யாரும் குறுக்கே வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கந்தசாமி சைக்கிளை விட்டு அறுத்தான். மன்னிப்பும் கேட்கவில்லை. அவன் சாகும்வரை நான் பேசவில்லை.

மேடையில் கந்தசாமி அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். ஒரே கைதட்டல்.

நாடகக்காரத் தம்பியைப் பிடித்தேன். "அவன் எப்பய்யா வந்தான்? நான் அப்படியா சொன்னேன்?"

"முடிவுல ஒரு இணக்கம் வேணும்ல ஐயா."

"இணங்குனது நீயா, நானா?"

அதற்குள் நாடகம் பார்க்க வந்திருந்த கந்தசாமியின் மகள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, அப்பா உங்ககிட்ட வந்து பேசிட்டாரா! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. சாகுறப்பக்கூட உங்க பேரச் சொல்லிக்கிட்டேதான் கெடந்தாரு. இம்புட்டு நாளா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாளாம். அப்பா அன்றைக்கு என்னவெல்லாம் பேசினார் என்று கேட்க வேண்டுமாம்.

நியாயம் இப்போதும் என் பக்கம்தான்.

ஆனாலும் கந்தசாமியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவன் என்ன பேசியிருப்பான் என்று கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.