பிரியாணி மாத்திரை

என் கணவருக்கு நாள் கிழமை தெரியாது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவர். எந்த லாரி என்றைக்குக் கிளம்பியது, எந்தத் தோல் எத்தனை நாள் உப்பில் கிடந்தது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமையைத் தவிர மற்ற ஆறு நாளும் அவருக்கு ஒரே நாள்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா, மண்டிக்கு லீவு. மற்றதெல்லாம் மண்டி திறக்கும் நாள். அவருடைய காலண்டர் அதோடு முடிந்தது. இந்த மனிதரை நம்பி என் உயிரை ஒப்படைத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒரு மழைக்காலத்தில் காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தன. சாக்பீஸ் கையில் நிற்காது. குக்கர் மூடியைத் திருக முடியாது. பேஸ்ட் மூடியைத் திறக்க அவரைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் கொஞ்சம் மனசு இரங்கும். எங்கள் ஊரில் மூட்டு வலி என்று சொன்னால் முதல் வைத்தியம் ஆட்டுக்கால் சூப். என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, தினமும் தூக்குவாளியில் கொடுத்து அனுப்பினார். நான் குடித்த சூப்புக்கு ஒரு கிடை ஆடே நொண்டியிருக்கும். என் விரல் மட்டும் மடங்கவில்லை.

கடைசியில் மதுரையில் மூட்டுவாதத்துக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது தேய்மானம் இல்லை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார்.

“மண்டி வாச்மேனே மண்டிக்காரன அடிக்கிற மாதிரிங்களா?” என்று இவர் கேட்டார்.

“அதேதான். அந்த வாச்மேனைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை” என்றார் டாக்டரம்மா.

மெத்தோட்ரெக்ஸேட் என்று பெயர். அதை எழுதும்போதே பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “நல்லாக் கேட்டுக்கங்க. இது வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போடுற மாத்திரை இல்ல. மறந்துபோய்க்கூட தினம் போட்டுடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட் போடுங்க. சொல்ற நேரத்துக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும். மெடிக்கல்ல நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. காய்ச்சல் வந்தா, வாய்ல புண்ணு வந்தா, உடனே எனக்குப் போன் பண்ணணும்.”

எல்லாவற்றுக்கும் இவர்தான் தலையாட்டினார். காரணம் இருந்தது. மாத்திரை அட்டையைப் பிதுக்கி எடுக்க என் விரலுக்குத் தெம்பு இல்லை. ஆகவே மாத்திரை இலாகா அவர் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. இவருடைய முகத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை என்பதை டாக்டரம்மாவும் கவனித்திருக்க வேண்டும். “மறக்காம இருக்க ஒரு வழி சொல்றேன். வாரத்துல ஒரே ஒரு நாள் மட்டும் வீட்ல நடக்குற காரியம் ஏதாவது இருக்கும்ல? அதோட சேத்து வெச்சுக்கங்க” என்றார்.

நல்ல யோசனை. வேறு ஊர்க்காரர்களுக்கு.

எனக்குப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பிரியாணி. சீரகச் சம்பா, எலும்போடு ஆட்டுக்கறி, தால்சா, தயிர் வெங்காயம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இவர் அட்டையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் போடுவார். “இந்தா, பிரியாணி மாத்திரை.” அந்த நீளமான இங்கிலீஷ் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற நாட்களில் தரும் ஃபோலிக் ஆசிட் ‘சாதா மாத்திரை’. இரண்டும் மஞ்சள், இரண்டும் துவரம்பருப்பு அளவு. அவர் போடுவார், நான் விழுங்குவேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காவலுக்கு அவரைப் போல ஆள் கிடைக்காது. நாத்தனார் ஒரு நாள், “ஏம்மா, அந்த மாத்திர ஒனக்கு நல்லாக் கேக்குதாமே, எம் முழங்காலுக்கும் அதுல ரெண்டு குடேன்” என்று வந்தபோது இவர் அட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். “இது சூப்பு இல்லக்கா, பகுந்து குடிக்க. ஆளு பாத்துக் குடுக்குற மருந்து” என்று அக்காவையே வாசலோடு அனுப்பினார். நாத்தனார் ஒரு வாரம் பேசவில்லை. சூப்பும் நின்றது. மூன்று மாதத்தில் நான் கரும்பலகையில் முழுத் திருக்குறளையும் எழுதினேன். ஒரு குறளை முழுதாக என்று சொல்கிறேன், ஆயிரத்து முந்நூற்று முப்பதையும் இல்லை.

அப்போதுதான் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம் வந்தது.

பெண் வத்தலக்குண்டு. இவர் தாய்மாமன், நான் மாமி, ஆகவே எங்கள் இருவருக்கும் எல்லா விருந்திலும் முன் வரிசை. கல்யாணச் சமையலுக்குப் பேசிய பண்டாரி, தன் கைப்பக்குவத்தைக் காட்ட முதலில் ஒரு சட்டி பிரியாணி செய்து வீட்டுக்கே அனுப்பினார். அது செவ்வாய்க்கிழமை. பிறகு நிக்காஹ், அதற்கொரு பிரியாணி. மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்தான வலீமா, அதற்கும் பிரியாணி. அது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் விருந்தாளிகள், வேறென்ன செய்ய முடியும்? புதன்கிழமை பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. ஒவ்வொரு பந்தியும் முடிந்து நான் கைகழுவ வரும்போது இவர் தண்ணீர்த் தொட்டியருகே தயாராக நிற்பார். சட்டைப் பையிலிருந்து அட்டை வரும், என் கையில் மஞ்சளாக ஒன்று விழும். அத்தனை அலைச்சலிலும் மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொல்லியும் காட்டினேன்.

வலீமா முடிந்ததிலிருந்து நாக்கு ஓரத்தில் ஒரு புண். நாத்தனார், “மசாலாச் சூடும்மா, மோரு குடி” என்றார். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு மசாலாச் சூடு என்பதை நம்புவது கௌரவக் குறைச்சல்தான். ஆனாலும் நம்பினேன். புதன்கிழமை காலையில் உதடு, கன்னத்தின் உள்பக்கம், தொண்டை எல்லாம் புண். டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. விருந்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்து போன் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வத்தலக்குண்டில் பெண்ணின் அம்மாவே நின்று பரிமாறினார். இலையில் பிரியாணி ஆவி பறந்தது. ஒரு வாய் வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முக்காட்டால் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இலையை மூடினேன்.

“என்ன மைனி, உப்பு பத்தலையா?” என்றார் அந்த அம்மா.

“இல்ல, ரொம்ப நல்லா இருக்கு.”

“சாப்பிடாமலே நல்லா இருக்குங்கிறீக. கறி வேகலையா?”

எதிர் வரிசையிலிருந்து நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் இலையே கருகியிருக்கும். மாப்பிள்ளையின் மாமி இலையை மூடிவிட்டார் என்ற செய்தி திரையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனது. போய்ச் சேர்ந்தபோது, மாமி இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார் என்று ஆகியிருந்தது.

இவர் பதறிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடி வந்தார். “என்னம்மா, சாப்பிடலையாமே?”

“வாயெல்லாம் புண்ணா இருக்குங்க. தண்ணி கூட எறங்கல.”

சட்டைப் பைக்குள் போயிருந்த கையை வெளியே எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பொறுப்போடு சொன்னார்: “பிரியாணி சாப்பிடலேன்னா இன்னைக்குப் பிரியாணி மாத்திர கெடையாது. சாதா மாத்திரயவே போட்டுக்க.”

“இன்னைக்கா? இன்னைக்குப் புதன்கெழம.”

“எந்தக் கெழமையா இருந்தா என்ன? பிரியாணிதான?”

தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“வலீமா அன்னைக்கு எதக் குடுத்தீங்க?”

“பிரியாணி மாத்திர.”

“நிக்காஹ் அன்னைக்கு?”

“அதுவுந்தான்.”

“பண்டாரி ருசி பாக்கக் குடுத்துவிட்டாரே, அன்னைக்கு?”

“அன்னைக்கு நீ அரைத் தட்டுதான சாப்பிட்ட.”

“அதனால? பாதி மாத்திர குடுத்தீங்களா?”

“இல்ல, முழுசு.” சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மாதத்து மருந்தைப் பத்து நாளுக்குள் எனக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “அந்த மாத்திரையத் தொடாதீங்க. இப்பவே கிளம்பி வாங்க” என்றார். கல்யாண வீடு, நாளைக்குக் காலையில் வரலாமா என்று கேட்டேன். “இப்பவே” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. செத்துப்போய்விடுவேனா என்று நினைத்தேன். அதுவும் பிரியாணியால்.

தாய்மாமனும் மாமியும் பந்தி நடுவே எழுந்து காரில் ஏறிப் போனால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? நிலக்கோட்டை தாண்டுவதற்குள் நாத்தனாரின் போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போடாமலே கார் முழுக்கக் கேட்டது. “ஏலே, கறிக்குக் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டீகளே! சம்பந்தியம்மா அழுகுதுடா!”

“கறி நல்லாத்தான் இருந்துச்சுக்கா. நாந்தான் சரியில்ல” என்றார் இவர். மதுரை வரும்வரை அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மோசமாக இறங்கியிருந்தன. அந்த மருந்தை முறிக்க ஓர் ஊசி உண்டாம், அதை ஏற்றினார்கள். சொந்தக்காரர் யாரும் பார்க்க வரக்கூடாது, சின்னக் காய்ச்சல்கூட இப்போது ஆபத்து என்று தனி அறையில் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று கேட்டபோது இவர் பண்டாரி சட்டி, நிக்காஹ், வலீமா என்று விரல்விட்டு எண்ணினார். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “திண்டுக்கல்காரங்ககிட்டப் பேசுறோம்னு நான் யோசிச்சிருக்கணும்” என்றார்.

அவர் போனதும் இவர் என் கட்டில் கால்மாட்டில் மாஸ்க்கோடு உட்கார்ந்து அழுதார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “நானே ஒன்னயக் கொன்னுருப்பேனே” என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. இந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் பேஸ்ட் மூடி முதல் எல்லாவற்றையும் இவர் யாருக்காகத் திறப்பார் என்று நினைத்தேன்.

“கொல்றதுன்னா வெறுஞ்சோத்துலயே கொன்னுருக்கலாம். எதுக்கு இம்புட்டுக் கறி செலவு?” என்றேன். வாய்ப்புண்ணோடு அதைச் சொல்லி முடிக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அழுகை நின்றது.

அணுக்கள் மெல்ல ஏறின. வீட்டுக்கு வந்தேன். விரல்கள் திரும்பவும் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும், ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, டாக்டரம்மா அதே மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். அதே மருந்தா என்று இவர் நடுங்கினார். மருந்து மேல் குற்றமில்லை, கிழமை மேல்தான் என்று சொல்லிப் புரியவைத்தார் அந்த அம்மா. இப்போது சாதா மாத்திரை வெள்ளை டப்பாவில், இது சிவப்பு டப்பாவில். பிதுக்கும் முன் இவர் கிழமையைச் சத்தமாகச் சொல்வார். நான் அட்டையை வாங்கிப் படித்துப் பார்த்து ‘ஆமாம்’ என்ற பிறகுதான் மாத்திரை வெளியே வரும். பிரியாணி என்ற சொல்லை மருந்துக்குப் பயன்படுத்துவதில்லை.

அடுத்த வருஷம் நாத்தனாரின் அந்த மருமகளுக்கு ஏழாம் மாத விருந்து வந்தது. அதே வத்தலக்குண்டு வீடு. நடந்ததையெல்லாம் போனில் விவரமாகச் சொல்லியிருந்தும், பெண்ணின் அம்மா கரண்டியோடு என் எதிரிலேயே நின்றார். பந்தியே என் வாயைப் பார்த்தது. நான் சோற்றில் கை வைத்தேன். ஐந்து விரலும் மடங்கின. எலும்பிலிருந்து கறியைப் பிரித்து எடுக்கும் அளவுக்கு மடங்கின.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து, ஆண்கள் பந்தி முழுதும் கேட்க, இவருடைய குரல் வந்தது: “ஏ புள்ள! இன்னைக்கு வியாழக்கெழம!”

கரண்டி அந்தரத்தில் நின்றது. “என்ன மைனி, அண்ணன் என்னமோ சொல்றாக?” என்றார் சம்பந்தியம்மா.

“என்னய நல்லாச் சாப்பிடச் சொல்றாரு” என்று சொல்லி, இலையைக் கரண்டிப் பக்கம் நகர்த்தினேன்.