திறந்துவிட்ட கேஸ்

ஏசி மெக்கானிக் ஜில்லுவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. முப்பது வருஷத் தொழில். வெயில் காலத்தில் சொந்தக்காரர்கள்கூட அவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே பாசம் காட்டுவார்கள்.

கம்ப்ரசர் செத்த பழைய ஏசியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸை என்ன செய்வது? ஜில்லு நட்டைத் தளர்த்தி வெளியே விட்டுவிடுவார். உஸ்ஸென்று இரண்டே நிமிடம். நிறமில்லை, புகையில்லை, காற்றோடு காற்றாகப் போவதை யார் கேட்கப் போகிறார்கள்? அதை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்க ஒரு மெஷின் உண்டு. ஆனால் அது முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். கோடையில் மெக்கானிக்குக்கு மூச்சுவிடவே நேரமிருக்காது.

ஐம்பத்தாறு வயதில், லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு வகுப்பில் உட்கார வேண்டிவந்தது. அந்தக் கேஸ் ஒரு கிலோ வெளியே போனால், ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்றார் வகுப்பெடுத்த அம்மா. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஜில்லு முப்பது வருஷமாகத் திறந்துவிட்டதை மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். வருஷா வருஷம் வெயில் ஏறுகிறதே என்று ஊரோடு சேர்ந்து திட்டியவர்தான் அவரும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருந்தது தான்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுவாரமே மெஷின் வாங்கினார். "என்னப்பா, திடீர்னு ஞானம் வந்துடுச்சா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். நாலு மாதம் ஒரு நட்டைக்கூட அவர் சும்மா திறக்கவில்லை.

அப்புறம் தங்கை கூப்பிட்டாள். உச்சி மாடி வீடு, நடுப்பகல். இதய ஆபரேஷன் முடிந்து பத்தே நாளான அவள் புருஷன் கட்டிலில் வியர்த்துக் கிடந்தார். மின்விசிறி அனலை வாரி இறைத்தது. ஏசியின் கம்ப்ரசர் செத்துப்போயிருந்தது; பழையதைக் கழற்றினால்தான் புதியதை மாட்ட இடம் கிடைக்கும். ஜில்லு பால்கனியில் மெஷினை இணைத்தார். அந்த வெயிலில் அதுவும் முக்கி முனகியது.

"இன்னும் எவ்வளவு நேரம்ணா? அவருக்கு மூச்சு வாங்குது."

"இதோ, அரை மணி நேரத்துல ஆயிடும்மா."

"அரை மணி நேரமா!" அவள் அழுதேவிட்டாள்.

ஜில்லு மெஷினை நிறுத்தினார். குழாயைக் கழற்றினார். நட்டைத் தளர்த்தினார். முப்பது வருஷமாகக் கேட்ட அதே உஸ்தான். காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதெல்லாம் தெரியாமல் செய்தார், இது தெரிந்தே செய்தது.

புது ஏசி ஓடியது. மாப்பிள்ளைக்கு மூச்சு சீரானது. தங்கை வாசல்வரை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இப்பல்லாம் ரொம்ப இழுக்கறேன்னு எல்லாரும் குறை சொன்னாங்கண்ணா. எங்களுக்குன்னதும் எவ்வளவு சீக்கிரம் முடிச்சுட்டே!"

அவரால் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இந்த நாலு மாதத்தில் அவசரப்படுத்தியும் அவர் காக்க வைத்த அத்தனை வீடுகளிலும் இப்படி யாரோ ஒருவர் கிடந்திருப்பார்தானே? மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மறுபடி அதே கட்டில், அதே மூச்சு என்றால், மறுபடியும் அந்த நட்டைத் தளர்த்தத்தான் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.