மேல் ரோட்டுக்கு ஒரு லிஃப்ட்

வேலாமணி லேசில் யாரையும் நம்பமாட்டாள். பால் பாக்கெட்டை நீட்டினால் முதலில் தேதியைப் பார்ப்பாள். யாராவது நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய நாலு மாடிக் காம்ப்ளக்ஸில் லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று கடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் வேலாமணி, வேலாமணியின் மேல் ஒரு பச்சை ஸ்வெட்டர். பதினோரு வருஷமாக இதில் மாற்றமில்லை.

சரிவில் கட்டிய கட்டிடம் அது. கீழ்வாசல் மார்க்கெட்டைப் பார்த்துத் திறக்கும். நாலாவது மாடியின் பின்கதவைத் திறந்தால் அங்கேயும் ஒரு ரோடு, ஒரு பஸ் ஸ்டாப், இரண்டு டீக்கடை. வெளியே படியேறிப் போனால் தொண்ணூற்றாறு படி. உட்கார இடமில்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் காம்ப்ளக்ஸில் ஒரு குண்டூசிகூட வாங்காதவர்கள் எல்லாம் மேல் ரோட்டுக்குப் போவதற்காகவே லிஃப்டில் ஏறினார்கள்.

வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டியிருந்தது. வேலாமணி அந்தப் போர்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எந்தக் கடைக்கு, பையில் என்ன என்று குடைந்து குடைந்து கேட்பாள். சொல்வது பொய் என்று அவளுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். கடைசியில் ஏற்றிக்கொள்வாள். மேலே பஸ் ஸ்டாப்பில் வேகவைத்த கடலை விற்கும் இசக்கியம்மா தினமும் காலையில் கடலை மூட்டையோடு வந்து, டெய்லர் கடைக்குத் துணி கொடுக்கப் போகிறேன் என்பாள். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு ரவிக்கைகூடத் தைக்கக் கொடுத்ததில்லை.

போன ஆவணியில்தான் எட்மண்ட் வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் குரங்குக் குல்லா, கையில் குடை, சட்டைப் பையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர், மேல் ரோட்டில் வீடு. காலையில் இறங்கி, காம்ப்ளக்ஸ் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்ப மேலே போவார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏறி இறங்கும் நேரத்தில் கேள்வி கேட்பார். லிஃப்ட் என்று வேறு எதையெல்லாம் சொல்வீர்கள், எஸ்டேட்டில் என்ன சொல்வார்கள், முதல் முதலில் அந்த வார்த்தையை எங்கே கேட்டீர்கள் என்பார். கேட்டுவிட்டு எழுதிக்கொள்வார்.

வேலாமணிக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் பயம். காரணம் இருந்தது. முன்பு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, இதே போல ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சிரித்த முகம். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பறிப்பீர்கள், எங்கே நிற்பீர்கள், எப்போது தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டு எழுதினார். அடுத்த சீசனில் கொழுந்து வெட்டும் மிஷின் வந்தது. பதினாலு பேரை நிறுத்தினார்கள். லிஸ்டில் முதல் பெயர் வேலாமணி. அன்று அதிகமாகப் பதில் சொன்னவளும் அவள்தான்.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது கை காதுக்கு மேல் எழும்பாது. கணவர் போய் ஒன்பது வருஷம். மகள் ஜீவிதா கோயம்புத்தூரில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அந்தப் படிப்பு முழுக்க இந்த ஸ்டூலின் மேல்தான் நின்றது. ஸ்டூல் போனால் இவளை வேறு எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

ஆகவே எட்மண்ட் வேவு பார்க்க வந்தவர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர்களில் எவரோதான் இந்த மனிதரை அனுப்பியிருக்கவேண்டும். அப்படியானால் எழுதிக்கொள்ளட்டும், வேலாமணி எவ்வளவு கண்டிப்பானவள் என்று எழுதிக்கொள்ளட்டும். மறுநாளே போர்டைத் துடைத்தாள். ஸ்டூலைத் திருப்பிப் போட்டாள். கடைக்கு வருகிறவர்களைத் தவிர ஒரு ஈயைக்கூட உள்ளே விடவில்லை.

இசக்கியம்மா மூட்டையோடு வந்து வழக்கமான பொய்யைச் சொன்னாள்.

"துணி எங்கீங்க? காட்டுங்க பாக்கலாம்" என்றாள் வேலாமணி.

இசக்கியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படிப் பக்கம் போனாள். எட்மண்ட் மூலையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுதவும் எழுதினார். வேலாமணிக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. லிஃப்ட் பெரும்பாலும் காலியாக நின்றது. அவள் கதவோரம் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் எட்மண்ட் குடையை மடக்கும் அவசரத்தில் நோட்டுப் புத்தகத்தை லிஃப்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலாமணி அதைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனாள். அங்கே டெய்லர் கடை வைத்திருக்கும் ஜெய்புன்னிசாவின் மகள் மெஹ்ரின் காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவள். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஒன்றையும் மறைக்காமல் படி என்றாள் வேலாமணி.

மெஹ்ரின் படித்துப் படித்துச் சொன்னாள். எல்லாம் லிஃப்ட் என்ற ஒரே வார்த்தையைப் பற்றி. ஆயிரம் வருஷத்துக்கு முன் வடக்கே குளிர்க் கடலில் கப்பலோட்டியவர்களின் பாஷையிலிருந்து அது இங்கிலீஷுக்கு வந்ததாம். அவர்களிடம் அது காற்று, ஆகாயம் என்பதற்கான சொல்லோடு சேர்ந்த சொல். தூக்குவது என்றால் ஆகாயத்தில் வைப்பது என்று அவர்களுக்கு அர்த்தம். வீட்டின் கூரைக்கு அடியில் இருக்கும் அறைக்கும் அதே குடும்பத்துப் பெயர்தான். பிறகு மாடு திருடுவதற்கும் அந்த வார்த்தையைச் சொன்னார்கள், நடந்து போகிறவனை வண்டியில் ஏற்றிக்கொள்வதற்கும் சொன்னார்கள். ஆளை ஏற்றும் பெட்டிக்கு அந்தப் பெயர் வந்ததெல்லாம் நேற்றைய கதை, அமெரிக்காக்காரர்கள் அதற்கும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"என் பேரு எங்கயுமே இல்லியா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு ஆன்ட்டி. குன்னூர்ல லிஃப்ட் ஓட்டற வேலாமணி, எஸ்டேட்ல நடந்து போறவங்கள லாரிக்காரங்க ஏத்திக்கிட்டாத்தான் அதுக்கு லிஃப்டுன்னு பேருன்னு சொன்னாங்களாம். அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. இப்பல்லாம் அவங்க யாரையும் ஏத்தறதில்ல, ஏன்னு தெரியலன்னு எழுதியிருக்காரு."

வேலாமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தைக்காக இரண்டு மாதம் ஒரு மனுஷியை இப்படிப் பயமுறுத்தலாமா? எதுக்கு எழுதுகிறேன் என்று முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவேயில்லை.

தையல் மிஷினில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெய்புன்னிசா மிதிப்பதை நிறுத்தினாள். இன்றைக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன் என்று ஆரம்பித்தாள். நேற்று கடைக்காரர்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் சர்வீஸுக்கு வந்த மெக்கானிக், மிஷின் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று அதுவே எண்ணி வைத்திருக்கும் கணக்கைக் காட்டியிருக்கிறார். முன்பு ஒரு நாளைக்கு முந்நூறு. இந்த இரண்டு மாதத்தில் தொண்ணூறைத் தாண்டவில்லை. மேல் ரோட்டுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஒரு ரீசார்ஜ், ஒரு பட்டன், ஒரு டீ என்று நின்று போவார்கள். அதுவும் நின்றுபோய்விட்டது. இந்தத் தொண்ணூறுக்கு ஆள் எதற்கு, வருகிறவர்களே பட்டனை அமுக்கிக்கொள்ளட்டும் என்று பேச்சு.

"அடுத்த ஒண்ணாந் தேதி வரைக்கும் பாக்கறோம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டு வெச்சிருக்கேன் அக்கா" என்றாள்.

எண்ணுகிறவன் எங்கேயோ இருக்கிறான் என்று வேலாமணி சந்தேகப்பட்டது சரிதான். அவன் அவள் தலைக்கு மேலேயே, லிஃப்ட் மிஷினுக்குள் இருந்தான். அவனுக்குக் கணக்குக் கொடுத்தது அவளேதான். அவள் லிஃப்டுக்குத் திரும்பினாள். நோட்டுப் புத்தகத்தைத் துடைத்து, எட்மண்ட் வந்ததும் கையில் கொடுத்தாள். படித்ததையும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, குல்லாவைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அது அவளுக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் ஸ்டூலை விட்டு எழுந்து கீழ்வாசலுக்கே வந்து நின்றாள். மேல் ரோடு போறவங்க வாங்க என்று பஸ் கண்டக்டர் மாதிரி கூப்பிட்டாள். மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. ஒருத்தர் மேலே அண்ணாந்து கேமரா இருக்கிறதா என்று தேடினார்.

இசக்கியம்மா மூட்டையோடு வந்தாள். நேராகப் படிக்குத் திரும்பினாள்.

"இசக்கியம்மா, உள்ள வாங்க."

"எதுக்கு? இன்னைக்கும் துணி கொண்டாரலியே."

"துணி வேண்டாமுங்க. சும்மா ஏறுங்க."

இசக்கியம்மா லிஃப்டின் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு வேலாமணியை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை வேலாமணிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பதினோரு வருஷம் அவள் மற்றவர்களைப் பார்த்தது அப்படித்தான்.

"ரெண்டு மாசமா மூட்டையத் தூக்கிட்டு ஏறி ஏறி என் முட்டி தேஞ்சுபோச்சு. இன்னைக்குத் திடீர்னு என்னத்துக்கு இந்த உபசாரம்? யாரு பாக்கறாங்க?"

சாக்குச் சொல்ல வேலாமணிக்கு நாலைந்து வார்த்தைகள் வாயில் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"என் வேலை போவப் போவுதுங்க. நீங்க ஏறுனா இந்த மிஷினு ஒண்ணு எண்ணிக்கும். எண்ணிக்கை ஏறுனாத்தான் என்னை வெச்சுக்குவாங்க. நான் பண்ணுனது தப்புத்தான்."

மழை தூற ஆரம்பித்திருந்தது. இசக்கியம்மா தொண்ணூற்றாறு படியையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். மூட்டையை இறக்கி லிஃப்டுக்குள் தள்ளினாள், தானும் ஏறி ஓரமாக நின்றாள். கதவு மூடப் போகும்போது கேட்டாள்.

"ஒருக்கா ஏறுனாப் போதுமா, இல்ல இறங்கி இறங்கி ஏறணுமா?"