துணியில் இளைத்த சூரியன்

கம்ப்யூட்டரில் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குத் திரையின் அகலம் உயரத்தைக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஒழுங்காக நடந்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், நடக்காவிட்டால் தையல் யூனிட்டே வந்து எட்டிப் பார்க்கும். கறுத்த திரைமுன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்த சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இருந்ததும் போன கதை

எம்பிராய்டரி யூனிட்டுகளுக்கென்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நல்லூரில் உட்கார்ந்து நானே தயார் செய்தேன். அதை நம்பி வாங்கிய ஒரே மனுஷர் முதலிபாளையம் பழனிச்சாமி அண்ணன். அவருடைய டிசைன் கம்ப்யூட்டரில் பழைய கார்டு புகைந்துபோக, கடைக்காரர் புதுசு ஒன்றை மாட்டிவிட்டார். என் சிஸ்டத்துக்கு அதை அடையாளமே தெரியவில்லை. படம் பழைய டிவி அளவில் வந்து, அகலத் திரை முழுக்க இழுபட்டு நின்றது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவரும் போனால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

சரியான அளவை எழுதி ஏற்றினேன். திரை சுத்தமாக இருண்டது. அண்ணன் பக்கத்தில் வந்து நின்று பொறுமையாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இருந்ததும் போச்சுங்களா?"

டேப்பு வைத்த வட்டம்

வேறு வழியில்லாமல் பழைய அளவுக்கே திரும்பினேன். டிசைன் போடும் செல்விக்கு, பனியன் நெஞ்சில் வரவேண்டிய வட்டச் சூரியன் பக்கவாட்டில் உப்பித் தெரிந்திருக்கிறது. எங்கள் பனியன் ஊரில் டேப் வைக்காமல் எதையும் நம்ப மாட்டார்கள். இஞ்ச் டேப்பைத் திரைமேலேயே வைத்து, நீளமும் அகலமும் ஒன்றாகும்வரை அகலத்தைக் குறைத்துவிட்டாள். மெஷின் அவள் கொடுத்த அளவிலேயே தைத்தது. துணியில் சூரியன் கோழிமுட்டை மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வி அசரவே இல்லை: "திரையில நான் சரியாத்தான் வெச்சேனுங்கக்கா, துணிக்குப் போறதுக்குள்ள இளைச்சுப் போச்சுங்க."

சாய்ந்த படம்

திரை தாங்காத வேகத்தில் கார்டை ஓட்டியதால்தான் முதலில் வந்த அந்த இருட்டு என்று பிறகு புரிந்தது. சரியான அளவையே மறுபடி ஏற்றி, வேகத்தைக் குறைத்தேன். வந்தது படம், ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரு பக்கமாகச் சாய்ந்து. அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துவைச்ச பனியன்ல சைடு தையல் முன்னால வந்து நிக்குமே, அப்படி இருக்குதுங்க."

சனிக்கிழமை

விடுவேனா? கார்டு படத்தின் ஒவ்வொரு வரியையும் திரையின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்கிறது. நானோ திரையின் அகலம் முடிந்ததும் அடுத்த வரியைத் தொடங்கினேன். அதனால் வரிக்கு வரி நழுவியிருக்கிறது. கார்டிடமே நீளத்தைக் கேட்டு எழுதியதும் படம் நிமிர்ந்து நின்றது. செல்வி சூரியனைப் பழையபடி ஆக்கி டேப் வைத்தாள். நீளமும் அகலமும் ஒன்று. தைத்து வந்த துணியிலும் டேப் வைத்தாள். அங்கேயும் ஒன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இதில் என்ன வெட்கம்!

அண்ணன் அங்கேயே நின்று அந்த வேறு கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார்: "நீங்க வர வேண்டாமுங்க, நம்ம அம்மிணியே வட்டத்தை வட்டமா வெச்சுட்டாங்க."

இத்தனை பாடுபட்டு நான் சாதித்தது வட்டத்தை வட்டமாகக் காட்டியதுதான். அதற்கே இவ்வளவு தலைக்கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.