பெரட்டுக்கு ஆள் வராத நாள்

கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தில் நான் பெரிய மேஸ்திரியாக இருந்தபோது, ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. நாற்றங்காலில் பிடுங்கிய செடிகள் கூடை கூடையாக நின்றன. பொழுது சாய்வதற்குள் நடாவிட்டால் அத்தனையும் சருகு. என் வேலையும் போகும்.

அடிவாரக் காரவள்ளியிலிருந்து மலைக்குத் தலைச்சுமை ஏற்றியவன் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு சரி. ஆனாலும் என்னைப்போல் வேலை வாங்க அந்த மலையில் ஆள் கிடையாது.

பழைய துரை காலத்தில் அதட்டினால் வேலை நடக்கும். புதுத் துரை கடிகாரத்தோடு வந்தார். குழி வெட்டுகிறவன் வெட்டட்டும், நடுகிறவன் நடட்டும், வேகமானவன் தலைமை பார்க்கட்டும் என்றார். அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் பெரியவருக்குக் கீழே ஒரே கூட்டமாக வேலைக்கு வரும். நான் கூட்டத்தைப் பிரித்தேன். அரியூர் நாட்டுப் பெரியவருக்கு மேல் அவருடைய தங்கை மகன் சடையனைத் தலைமையாக வைத்தேன்.

"மாமன நான் எப்படீங்க ஏவறது?" என்றான் அவன்.

"ஊட்டுலதான் மாமன். இங்க கூலி," என்றேன், எல்லார் முன்னாலும்.

பெரியவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மறுநாள்தான் இந்தப் பெரட்டு.

தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு அரியூர் நாட்டுக்கு ஓடினேன். பெரியவர் ராகிக் காட்டில் இருந்தார்.

"செடி வாடுதுங்க. ஆளுகளக் கூட்டியாங்க."

"நான் யாருங்க கூப்புட? இப்ப ஆளாளுக்குத் தனிதானுங்களே. ஊடு ஊடாப் போயிக் கூப்புடுங்க."

போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்: "மாமன் வந்தா வாரமுங்க." ஒரு பெண் சிரித்தாள்: "வெரசா நடங்க மேஸ்திரி, கெடியாரம் ஓடுதுல்ல!"

ராகிக் காட்டுக்கே திரும்பி வந்து நின்றேன். பெரியவர் செடிகளைப் பற்றி மட்டும் கேட்டார். பிறகு வரப்பில் ஏறி ஒரு சத்தம் கொடுத்தார். மொத்த ஊரும் இறங்கியது. இருட்டுவதற்குள் நட்டு முடித்தார்கள்.

துரை என் தோளைத் தட்டி, "பார்த்தாயா, என் முறை எப்படி?" என்றார். பெரியவர் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் அவர் கொடுத்த ஒரு சத்தத்தால் நடந்தது என்று நான் துரையிடம் சொல்லவில்லை.

இப்போது வந்திருக்கும் துரை, ஆட்கள் யாரோடு யார் சேர்ந்தால் மனசார வேலை செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறார். சீமையில் புதுப் படிப்பாம். மேஸ்திரி வேலைக்கு வருகிறவர்களே, ஒரு கூட்டத்தைப் பிரிக்குமுன் அது யார் சொல்லுக்கு நகர்கிறது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. இன்றும் அரியூர் நாட்டுப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன்.